சுண்டெலி வளர்க்கலாம், வட்டை எலி வேண்டாம்

பெரும்போக அறுவடை நேரம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வட்டைக்கு (வயல்வெளிக்கு) போய்வந்த மருமகன் சிரட்டைக்குள் ஐந்து எலிக்குஞ்சுகளோடு முற்றத்தில் நின்றான். மயிர் முளைக்கவில்லை, கண்ணும் திறக்கவில்லை.

"மாமா, இதுகள வளப்பமா?"

"எடுத்த இடத்திலேயே கொண்டு வை மனே" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் பஞ்சும் பசுப்பாலும் தேடி ஓடினேன். அந்த வயதுக் குஞ்சுக்கு இரவு பகலாக ஓரிரு மணிக்கு ஒருதரம் தாய்ப்பால் வேண்டும். இரண்டாம் நாள் சிரட்டையில் ஒன்றும் மிஞ்சவில்லை. மறுகா பையனின் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் கடை எலி வாங்கப் போனேன். அதில் பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: எந்த எலி?

நாம் எல்லாவற்றையும் எலி என்று சொல்லிவிடுகிறோம். வீட்டுக்குள் ஓடுகிற சின்னது சுண்டெலி. வரப்பைத் தோண்டி நெற்கதிரை வளைக்குள் இழுப்பது வயல் எலி. கீச்சென்று கத்திக்கொண்டு சுவரோரமாக ஓடும் மூஞ்சூறு எலிக் கூட்டத்திலேயே சேராது. அது கரப்பானையும் புழுவையும் தின்னும் வேறொரு சாதி.

காட்டில், வயலில், கூரையில் பிடித்ததை வளர்க்காதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி எலியின் மூத்திரத்தில் வரும், நம் காலிலுள்ள சின்ன வெடிப்பு வழியாகவும் உள்ளே போகும். எலியைப் பார்த்தால் நோயாளி என்றே தெரியாது. விதைப்புக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் விவசாயிகளுக்கு டொக்சிசைக்கிளின் குளிசை கொடுப்பது இதற்காகத்தான். அதுமட்டுமல்ல, பிடிபட்ட காட்டெலி மனிதக் கைக்கு இலேசில் பழகாது. பயத்தில் கடிக்கும், கூட்டைத் திறந்த நொடியில் பாய்ந்துவிடும்.

கடையில் விற்கும் வெள்ளை எலியும் கூரைச் சுண்டெலியும் ஒரே இனம்தான். தலைமுறை தலைமுறையாக மனிதக் கையில் பழகியதுதான் வித்தியாசம். 18ஆம் நூற்றாண்டிலேயே ஜப்பானில் பல நிறச் சுண்டெலிகளைப் பெருக்கினார்கள். இங்கிலாந்தில் 1895இல் இவற்றுக்கென்று ஒரு தேசியச் சங்கமே தொடங்கினார்கள்.

படி 2: இரண்டு பெட்டை

சுண்டெலி தனியே இருந்தால் வாடும், அதனால் இரண்டு பெட்டை வாங்குங்கள். வளர்ந்த கடுவன்கள் இரண்டை ஒன்றாக விட்டால் இரத்தம் வரும்வரை சண்டை பிடிக்கும். கடுவனின் மூத்திர நாற்றமும் அதிகம். கடுவனும் பெட்டையுமாக வாங்கினால் கணக்கு இப்படிப் போகும்: 19 முதல் 21 நாளில் பேறு, ஒரு பேற்றில் ஆறு, எட்டுக் குஞ்சு, அந்தக் குஞ்சுகள் ஆறு வாரத்தில் குட்டி போடத் தயார். தாயோ ஈன்ற மறுநாளே திரும்பச் சினைப்படலாம்.

எனக்கு "ரெண்டும் பெட்டைதான் அண்ணன்" என்று சொல்லித்தான் விற்றார்கள். மூன்றாவது வாரம் கூட்டுக்குள் ஒன்பது குஞ்சு கிடந்தது. ஆகவே நீங்களே வாலடியைப் பாருங்கள். இரண்டு துவாரங்களுக்கும் நடுவே இடைவெளி கூட என்றால் கடுவன், நெருக்கமாக இருந்தால் பெட்டை.

படி 3: கூடு

இரண்டு அடி நீளம், ஓரடி அகலமுள்ள பழைய மீன் தொட்டி போதும். மேலே முழுக்கக் கம்பி வலை போடுங்கள். பென்சில் நுழையும் ஓட்டையில் சின்ன எலி நுழைந்துவிடும், அதைவிடப் பொடி வலைதான் வேண்டும். பிளாஸ்டிக் பேசினை ஒரே இரவில் அரித்துவிடும். முன்பல் சாகும்வரை வளர்வதால் அதுகளுக்கு அரிக்காமல் இருக்க முடியாது. கொய்யாக் குச்சி ஒன்று போட்டுவையுங்கள். கீழே மை இல்லாத வெள்ளைத் தாளைக் கிழித்துத் தடிப்பாகப் பரப்புங்கள். ஆலை மரத்தூளும் உமியும் சும்மா கிடைக்கும்தான், ஆனால் அந்தத் தூசி எலியின் மூச்சைக் கெடுக்கும்.

படி 4: வெக்கையும் எறும்பும்

வெளிநாட்டு விளக்கங்களில் கூட்டைச் சூடாக வைக்கச் சொல்லியிருக்கும். நமக்குத் தலைகீழ். சுண்டெலிக்கு 20 முதல் 26 பாகை வரை சுகம். 30ஐத் தாண்டினால் திணறும். நாய்போல நாக்கை நீட்டி இளைத்து உடம்பைத் தணிக்க அதனால் முடியாது. வாலால் கொஞ்சம் வெப்பத்தை விடும், எச்சிலை மயிரில் பூசிக்கொள்ளும், அவ்வளவுதான். கச்சான் காற்று என்கிற வெக்கைக் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே கண்ணாடித் தொட்டி வைத்தால் அது அடுப்புதான்.

நான் செய்வது இது. கூடு வடக்குப் பக்க அறையில், தரையோடு. உள்ளே ஒரு சின்ன மண்சட்டி கவிழ்த்து, விளிம்பில் வாசல் உடைத்திருக்கிறேன். மதியம் சட்டியின் வெளிப்புறத்தில் ஈரத் துணி. மிகக் கடும் நாளில் உறைந்த தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி ஒரு மூலையில் வைப்பேன். விசிறியை நேரே கூட்டுக்குத் திருப்புவதில்லை. எலி தட்டையாகப் படுத்து, தாடை நனைந்து கிடந்தால் உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள்.

குஞ்சு இருக்கும் கூட்டில் சிவப்பெறும்பு ஏறினால் காலையில் ஒன்றும் மிஞ்சாது. அந்த நேரம் கூட்டை மேசைக்கு ஏற்றி, மேசைக்கால் நான்கையும் தண்ணீர் டப்பாவில் நிறுத்துங்கள். அம்மம்மா சாப்பாட்டு அலுமாரிக்குச் செய்ததுதான்.

படி 5: சாப்பாடு

ஒன்று நாளுக்கு 3 முதல் 5 கிராம்தான் தின்னும். குரக்கன், நெல், உடைத்த சோளன், இடைக்கிடை அவித்த முட்டை ஒரு துண்டு. கச்சான் காற்று ஆகாது, ஆனால் கச்சான் கொட்டை (நிலக்கடலை) என்றால் உயிர். கொழுப்பு என்பதால் இரண்டு நாளைக்கு ஒரு பருப்புப் போதும். பூஞ்சணம் பிடித்ததை எறியுங்கள். சோறு மிஞ்சினால் காலையில் எடுத்துவிட வேண்டும், புளிக்கும். தண்ணீர் குழாய்ப் போத்தலில், தினமும் புதிதாக.

படி 6: கையும் துப்புரவும்

முதல் வாரம் தொடாதீர்கள். அப்புறம் மாலையில், அது எழும்பும் நேரம், உள்ளங்கையில் ஒரு குரக்கன் மணியோடு காத்திருங்கள். தூக்க வேண்டுமென்றால் கோப்பையால் அள்ளுங்கள். வால் நுனியில் பிடித்துத் தூக்கினால் தோல் உரிந்துவிடும். வாரம் ஒருதரம் தாளை மாற்றும்போது பழையதில் ஒரு பிடியைத் திரும்பப் போடுங்கள். தன் மணம் இல்லாத கூட்டில் எலி பதறும். மூச்சில் கிளிக் கிளிக் என்று சத்தம் கேட்டால் காத்திராமல் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

இதுகளுக்கு ஆயுளே இரண்டு வருடம்தான் என்று மருமகனிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். இப்போது அவன் வட்டையால் வந்தால் சவுக்காரம் போட்டுக் கை கால் கழுவி, உடுப்பு மாற்றிய பிறகுதான் கூட்டுப் பக்கம் போகிறான்.