வாங்கிய மீனில் முதுகுநாணிகளின் அடையாளம் காணும் முறை

முதுகுநாணுள்ள விலங்குகளின் பண்புகளைப் படம் பார்த்து மனப்பாடம் செய்வதைவிட, கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் காலையில் ஒரு பாறை மீனும் கைப்பிடி இறாலும் வாங்கிவந்து கண்ணால் கண்டுகொள்வதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து.

பாறையைச் சமைக்குமுன் அதன் நடுமுள்ளில் இரண்டு கணுக்களைப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு கணுவின் இருமுகமும் கிண்ணம்போல் குழிந்திருக்கும். அக்குழிகளுக்கிடையே வழவழப்பாகத் தங்கியிருப்பதுதான், கருவில் தலையிலிருந்து வால்வரை ஒரே தண்டாக ஓடிய முதுகுநாணின் எச்சம். கணுவின் மேலுள்ள வளையத்தில் ஈர்க்குச்சியைச் செருகினால், உட்குழலுடைய நரம்புவடம் சென்ற வழி தெரியும். முதுகுநாணில்லாத இறாலுக்கோ நரம்புவடம் வயிற்றுப்பக்கம் இருக்கிறது. அதன் முதுகிலிருந்து நாம் உருவி எறியும் கருங்கோடு குடலே, நரம்பன்று. பிறகு அதே ஈர்க்குச்சியைப் பாறையின் வாய்க்குள் விட்டுச் செவுள் வழியே வெளியே எடுங்கள். தொண்டைப் பிளவுகள் புலப்படும். மலவாய்க்குப் பின்னும் தசைப்பற்றுள்ள வால் நீள்வது நான்காவது அடையாளம். நமக்கு இவற்றுள் சில கருப்பருவத்தோடு மறைந்துவிடுகின்றன.

இனி மீன் வகைகள். லாம்ப்ரே போன்ற தாடையற்ற மீன்கள் நம் வலைகளில் வருவதில்லை. பிள்ளை பெற்றவர்களுக்குப் புட்டு செய்ய வாங்கும் பால்சுறா குருத்தெலும்பு மீனுக்கு நல்ல சான்று: அதன் நடுமுள்ளைக் கத்தி எளிதாக அறுக்கும், வாலிலிருந்து தலைநோக்கித் தடவினால் தோல் உப்புத்தாள்போல் சொரசொரக்கும், மூடியில்லாத 5 செவுள் பிளவுகள் பக்கவாட்டில் தெரியும். திருக்கையில் அப்பிளவுகள் அடிப்பக்கம் இருப்பதால் புரட்டித்தான் எண்ணவேண்டும். வால்முள் நச்சுடையது, ஆகவே விற்பவரிடமே அதை வெட்டி நீக்கச் சொல்லுங்கள்.

எலும்பு மீன்களில் செவுளை ஒரு மூடி மறைத்திருக்கும். இவற்றுள் சதைப்பற்றுள்ள துடுப்புடைய பிரிவு மிகச் சிறியது. அழிந்துவிட்டதென்று கருதப்பட்டு, 1938இல் தென்னாப்பிரிக்கக் கடலில் கிடைத்த சீலகாந்த் மீன் அப்பிரிவைச் சேர்ந்ததே. மத்தி, சங்கரா, வவ்வால் என நம் கூடைகளை நிரப்பும் மற்றவை, துடுப்பை விசிறிபோல் மெல்லிய முட்கள் தாங்கும் ஆரைத்துடுப்பு மீன்கள். செதிலும், மிதக்க உதவும் காற்றுப்பையும் எல்லா எலும்பு மீனுக்கும் உண்டென்று எண்ணி, இங்கேதான் மாணவர் பெரும்பாலும் தவறுகின்றனர்: கெளுத்திக்குச் செதிலில்லை, வளர்ந்த நாக்கு மீனுக்குக் காற்றுப்பையில்லை, ஆயினும் இரண்டும் எலும்பு மீன்களே. எனவே செதிலைத் தேடுமுன் செவுள்மூடியைத் தூக்கிப் பாருங்கள்.