2 லட்சம் கிலோமீட்டர் ஓடிய டீசல் காரை ரீமேப் செய்யலாமா?

"வண்டியில் முன்னைப்போல இழுவை இல்லை, ரீமேப் போட்டால் சரியாகிவிடுமா?" என்று கேட்பவர்களின் காருக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது ரிப்பேர். ரீமேப் என்பது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியுவின் சாஃப்ட்வேரை மாற்றிப் பவரைக் கூட்டுவது. போன பவரைத் திரும்பக் கொண்டுவருவது ஒரு வேலை. கம்பெனி கொடுத்த பவருக்கு மேல் எடுப்பது வேறு வேலை. முதல் வேலையை முடிக்காமல் இரண்டாவதில் இறங்கினால், இன்டர்கூலர் (டர்போவின் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) ஹோஸில் காற்று கசிகிற எஞ்சினுக்குள் இன்னும் அதிக டீசல் போகும். கிடைப்பது கறுப்புப் புகையும் சூடும்தான்.

ஓடோமீட்டரை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். நெடுஞ்சாலையில் ஒரே சீராக 2 லட்சம் ஓடிய எஞ்சின், நெரிசலில் 5 கிலோமீட்டர் 5 கிலோமீட்டராக 90,000 ஓடியதைவிட ஆரோக்கியமாக இருக்கும். குறுகிய ஓட்டத்தில் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் ஈஜிஆர் வால்வில் கரி படியும், புகையின் கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டிபிஎஃப் அடைக்கும், கிளட்சும் சீக்கிரம் தேயும்.

வழக்கமான ஸ்டேஜ் 1 ரீமேப்பில் இசியுவின் சாஃப்ட்வேர் மட்டும் மாறும். டீசல் அளவு, ரெயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்குப் போகும் டீசலின் அழுத்தம்), டர்போ பூஸ்ட் (டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம்), டார்க் (சுழற்று விசை) வரம்பு எல்லாம் உயர்த்தப்படும். டர்போ டீசலில் 20 முதல் 30 சதவீதம் வரை கூடுதல் கிடைக்கும். 250 நியூட்டன் மீட்டர் எஞ்சின் 300 முதல் 325 வரை போகும். இந்தக் கூடுதல் டார்க் பெரும்பாலும் 1,800 முதல் 2,500 ஆர்பிஎம்முக்குள் வருகிறது. ஓட்ட சுகமாக இருப்பதும் அங்கேதான், கிளட்சும் கியர்பாக்ஸும் அடி வாங்குவதும் அங்கேதான்.

கேட்டதும் கிடைத்ததும்

லைவ் டேட்டாவைப் பதிவுசெய்யும் ஸ்கேனர் ஒன்று வேண்டும். கூலன்ட் 80 டிகிரிக்கு மேல் சூடானதும், காலியான பாதுகாப்பான சாலையில் மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து முழுப் பெடல் கொடுத்து 4,000 வரை போங்கள். ஸ்கேனரைப் பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொள்ளட்டும். பூஸ்ட், ரெயில் பிரஷர், காற்றின் அளவு ஆகியவற்றில் இசியு கேட்டதும் உண்மையில் கிடைத்ததும் பக்கத்தில் பக்கத்தில் பதிவாக வேண்டும்.

பூஸ்டைப் படிக்கும்போது ஒரு குழப்பம் அடிக்கடி வரும். ஸ்கேனர் 2,200 மில்லிபார் என்று காட்டினால் அதில் சுமார் 1,000 வெளிக்காற்றின் அழுத்தம். டர்போ கொடுப்பது 1.2 பார்தான். கேட்டதைவிடக் கிடைத்தது தொடர்ந்து குறைவாக இருந்தால் ஹோஸ் கிழிசல், இன்டர்கூலர் கசிவு, வேக்கம் குழாய் வெடிப்பு என்று தேட வேண்டும். மாறாக, கேட்டதைத் தாண்டி எகிறி, வண்டி லிம்ப் மோடுக்குப் (பாதுகாப்புக்காக இசியு பவரைக் குறைக்கும் நிலை) போனால், விஜிடி டர்போவில் காற்றழுத்தத்தை மாற்ற அசையும் இறக்கைகள் கரி பிடித்து இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். இந்த நிலையில் ரீமேப் செய்தால் தினமும் லிம்ப் மோடுதான்.

ரெயில் பிரஷரில் 1,600 பார் கேட்கும்போது 1,450-இலேயே நின்றுவிட்டால், முதலில் டீசல் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள். பிறகு இன்ஜெக்டர் ரிட்டர்ன் கசிவு (டீசலைத் தூவும் இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வரும் டீசல் அதிகமாவது), கடைசியாகப் பம்ப். இப்போதே மூச்சு வாங்குகிற பம்பிடம் 1,750 கேட்பதில் அர்த்தமில்லை.

இன்ஜெக்டர்

பழைய டீசலில் ரீமேப் எஞ்சினைக் கொல்கிறது என்றால் அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். தேய்ந்த நாசில் டீசலைப் பூவாகத் தூவாமல் ஒழுக விடும். ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் இறங்கி ஆயிலைக் கழுவும், இன்னொரு பகுதி பிஸ்டனின் தலையில் ஒரே இடத்தில் எரியும். சாதாரண மேப்பில் இப்படியே பல வருடம் ஓட்டிவிடலாம். டீசல் அளவை ஏற்றிய பிறகு பிஸ்டனில் ஓட்டை விழுவதுகூட நடக்கும்.

எஞ்சின் சூடாக ஐடிலில் நிற்கும்போது ஒவ்வொரு சிலிண்டரின் கரெக்‌ஷன் மதிப்பையும் (எஞ்சின் சீராக ஓட இசியு கூட்டிக் குறைக்கும் டீசல் அளவு) பாருங்கள். ஒரு ஸ்ட்ரோக்குக்குக் கூட்டல் கழித்தல் 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் நிம்மதி. ஏதாவது ஒன்று 2.5, 3 என்று தனியாக நின்றால் சந்தேகம். அடுத்து ரிட்டர்ன் டெஸ்ட்: ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்னிலும் ஒரு சிறு பாட்டிலை மாட்டிச் சில நிமிடம் ஓட விடுங்கள். ஒரு பாட்டில் மட்டும் மற்றவற்றைப்போல இரு மடங்கு நிறைந்தால் அந்த இன்ஜெக்டரைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சுக்கு அனுப்ப வேண்டும். மாற்றினால் புதியதன் மேலுள்ள கோட் எண்ணை இசியுவில் ஏற்ற மறக்கக் கூடாது. கோடிங் கேட்கும் எஞ்சினில் அது இல்லாமல் டீசல் அளவு சரியாக வராது.

மற்ற சோதனைகள்

கம்ப்ரஷனில் சிலிண்டருக்குச் சிலிண்டர் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 15-ஐத் தாண்டினால் ரீமேப் பேச்சை அத்துடன் விடலாம். ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான ஆவி சகஜம்; குப்குப்பென்று அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்தும் இருக்கலாம்.

டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றி விரலால் ஷாஃப்டை அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருக்கலாம், முன்னும் பின்னும் ஆடக் கூடாது. குழாயில் ஆயில் ஈரம் சாதாரணம். தேங்கி நின்றால் அல்ல.

கிளட்சைப் பார்க்க நான்காவது அல்லது ஐந்தாவது கியரில் 1,600 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டே ஆக்சிலேட்டர் பெடலை முழுதாக மிதியுங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறினால் கிளட்ச் இப்போதே வழுக்குகிறது. எஞ்சினை அணைக்கும்போது கடகடவென்ற சத்தம் வந்தால் டூயல் மாஸ் ஃப்ளைவீல் (கிளட்சோடு சேர்ந்து அதிர்வை உறிஞ்சும் இரட்டைச் சக்கரம்) முடிவை நெருங்குகிறது. இரண்டும் மாற்ற வேண்டியிருந்தால் அந்தச் செலவையும் ரீமேப் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். ஆட்டோமேட்டிக் என்றால் கியர்பாக்ஸின் டார்க் வரம்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஏழு கியர் டிரை கிளட்ச் டிஎஸ்ஜியான டிகியூ200-க்கு அது 250 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் ஏற்ற யோசனை சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

டிபிஎஃப் இருந்தால் இரண்டு ரீஜெனரேஷனுக்கு (பிடித்த கரியை எரித்துச் சுத்தம் செய்வது) இடையில் எத்தனை கிலோமீட்டர் என்று பாருங்கள். 200-க்குக் கீழே வந்துவிட்டால் ஃபில்டரில் சாம்பல் நிறைந்திருக்கலாம், அல்லது எஞ்சின் கரி அதிகம் கக்குகிறது. டிபிஎஃப்பையே எடுத்துவிடலாம் என்பது பல நாடுகளில் சட்டவிரோதம். கோளாறின் காரணமும் அப்படியே இருக்கும்.

முடிவெடுத்த பிறகு

கேட்டதும் கிடைத்ததும் ஒத்துப்போய், இன்ஜெக்டர், கம்ப்ரஷன், கிளட்ச் மூன்றும் தேறினால் செய்யலாம். ஆனால் உச்ச அளவு வேண்டாம். 15 சதவீதம் கேளுங்கள். 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே டார்க்கைச் சட்டென ஏற்றாமல் படிப்படியாக ஏற்றச் சொல்லுங்கள். மேப் எழுதுபவருக்கு இது சில நிமிட வேலை, உங்கள் ஃப்ளைவீலுக்கோ ஆயுள் நீட்டிப்பு. ஸ்டாக் மேப்பில் (கம்பெனி கொடுத்த மேப்) எடுத்த உங்கள் டேட்டாவை அவரிடம் கொடுங்கள். அதைப் பார்க்காமலேயே "இந்த மாடலுக்கு ஃபைல் ரெடி" என்பவர், வேறு யாருடைய காருக்கோ எழுதியதை உங்கள் காரில் ஏற்றப்போகிறார். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே வேறாக இருக்கலாம். ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் 75 குதிரைத்திறனில் சாதாரண டர்போவுடனும் 90-இல் விஜிடி டர்போவுடனும் வந்தது.

ஒரிஜினல் ஃபைலின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஏற்றும்போது பேட்டரியில் நிலையான சப்ளை இருக்க வேண்டும். நடுவில் வோல்டேஜ் விழுந்தால் இசியு செயலற்றுப் போகலாம். ரெயில் சென்சாரில் மாட்டும் டியூனிங் பாக்ஸ் பாதுகாப்பானது என்பார்கள். அது இசியுவுக்குப் பொய்யான பிரஷரைக் காட்டி அதிக டீசலை வரவைக்கிறது, அவ்வளவுதான். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றத்தைத் தெரிவித்துவிடுங்கள்.

பிறகு ஆயிலை 7,500 முதல் 10,000 கிலோமீட்டருக்குள் மாற்றுங்கள். டிப்ஸ்டிக்கில் அளவு குறைவதைப்போலவே ஏறுவதையும் கவனியுங்கள். ஏறினால் டீசல் ஆயிலில் கலக்கிறது. அதே மூன்றாவது கியர் ஓட்டத்தை மறுபடி பதிவுசெய்து பழையதோடு ஒப்பிடுங்கள். டர்பைனுக்கு முன்னால் சென்சார் இருந்தால், எக்ஸாஸ்ட் வாயுவின் சூடு நீண்ட ஏற்றத்தில் 800 டிகிரியைத் தாண்டி நிற்கக் கூடாது.

மைலேஜ் கூடிவிட்டது என்று டாஷ்போர்டு காட்டினால் உடனே நம்ப வேண்டாம். அந்தக் கணக்கு இசியு தெளித்ததாக நினைக்கும் டீசலை வைத்துப் போடப்படுகிறது. மேப்பில் இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தை மட்டும் நீட்டியிருந்தால் உண்மையில் போவது அதைவிட அதிகம். டேங்கை முழுதாக நிரப்பி, ஓடி, மறுபடி அதே பம்பில் நிரப்பிப் போட்ட லிட்டரை வைத்து வகுத்துப் பாருங்கள்; இதை இரண்டு மூன்று டேங்குக்குச் செய்தால்தான் உண்மை தெரியும்.