இரண்டு நிறங்களில் கூடத்துச் சுவருக்கு எது?

ஷேடு கார்டைப் புரட்டி, மற்ற நிறங்களையெல்லாம் கழித்து, வெளிர் சந்தனமா சாம்பல் கலந்த வெளிர் பச்சையா என்ற இடத்தில் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் கூடத்திற்கு நிறம் தேடியபோது நானும் இந்த இரண்டுக்கு நடுவில்தான் நின்றேன். பட்டி பார்ப்பதும் பிரைமர் அடிப்பதும் பெயின்டரின் வேலை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் விளக்கை முடிவு செய்யுங்கள். நம் வீடுகளில் பரவலாக மாட்டப்படும் 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. விளக்கின்கீழ் சந்தன நிறத்தின் மஞ்சள் குன்றி வெளிறித் தெரியும். 2700 கெல்வின் மஞ்சள் விளக்கிலோ அதே நிறம் செழிப்பாகவும், பச்சை சற்றுப் பழுப்பேறியும் தெரியும். குடும்பம் கூடத்தில் அமர்வது பெரும்பாலும் இரவில்தான் என்பதால், பகல் வெளிச்சத்தைவிட விளக்குக்கே நான் முதலிடம் தருவேன்.

அடுத்து, இரண்டு நிறங்களிலும் கடையில் கிடைக்கும் மிகச் சிறிய டப்பாவை, சுவருக்கு மேட் (பளபளப்பில்லாதது) அடிப்பதானால் மேட்டிலும் ஷீன் (மெல்லிய பளபளப்புள்ளது) அடிப்பதானால் ஷீனிலும் வாங்குங்கள்.

மாதிரியைப் பழைய சுவரில் நேரடியாகப் பூசச் சொல்லும் பெயின்டருக்கு இணங்கிவிடாதீர்கள். பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் 1839இல் விரிவாக விளக்கியதுபோல, அருகிலுள்ள நிறம் நம் கண்ணுக்குத் தெரியும் நிறத்தையே மாற்றிவிடும். பழைய ரோஸ் நிறச் சுவரின் நடுவே பூசிய வெளிர் பச்சை, உண்மையில் இருப்பதைவிடக் கூடுதல் பச்சையாகத் தோன்றும். ஆகவே இரண்டடிச் சதுரமான வெள்ளை சன்போர்டு அட்டைகள் இரண்டை எடுத்து, ஓரங்களில் இரண்டு அங்குலம் வெள்ளையாகவே விட்டு, அட்டைக்கொரு நிறமாக இரண்டு கோட் அடியுங்கள். பிரஷ் வேண்டாம்; சுவரில் ஓடப்போகும் ரோலரின் சொரசொரப்பு அட்டையிலும் வர வேண்டும். எமல்ஷன் பெயின்ட் காயும்போது பொதுவாகச் சற்று அடர்ந்துவிடும் என்பதால், ஓர் இரவு காயவிட்ட பின்பே பாருங்கள். இரண்டு அட்டைகளையும் ஒட்டி வைத்துப் பார்த்தால் ஒன்று மற்றொன்றைத் திரித்துக் காட்டும். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வையுங்கள்.

அட்டையைத் தரையில் கிடத்தாமல் சுவரோடு நிமிர்த்தி, ஜன்னல் உள்ள சுவர், அதன் எதிர்ச்சுவர், இருண்ட மூலை என்று மாற்றி மாற்றி வைத்து, காலை, நண்பகல், விளக்கு வைத்தபின் என மூன்று வேளையும் பாருங்கள். சிவப்பு ரெட் ஆக்சைடு தரையுள்ள வீட்டில், சுவரின் கீழ்ப்பகுதியில் அந்தச் சிவப்பு ஏறித் தெரிவதையும் கவனிக்கலாம். வடக்கு ஜன்னலில் நேர்வெயில் வராது என்னும் மேலைநாட்டு அறிவுரை இங்கே பொருந்தாது. சித்திரைப் பிற்பகுதி முதல் ஆடி வரை தமிழ்நாட்டில் நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நகர்ந்துவிடுவதால், அந்த மாதங்களில் வடக்கு அறைக்குள்ளும் வெயில் நுழையும்.

இதற்குப் பின்னும் முடிவு வராவிட்டால், இரு நிறங்களின் எல்.ஆர்.வி. எண்ணை ஒப்பிடுங்கள். கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100 என்ற இந்த அளவு, சுவர் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பதைச் சொல்வது. ஒரே ஜன்னல் உள்ள கூடத்துக்குக் கூடுதல் எண் கொண்டதையே எடுப்பேன்.

பின்சேர்ப்பு: ஒரு நிறுவனத்தின் ஷேடை மற்றொரு நிறுவனத்தின் பெயின்டில் கலந்து தருவதாகக் கடைக்காரர் சொன்னால், அதற்கும் தனியாக ஓர் அட்டை அடித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். தேவையான முழு அளவையும் ஒரே தடவையில் வாங்கி, டப்பாக்களை ஒரு பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்த பிறகே அடிக்கச் சொல்லுங்கள்.