புதர்ச்செர்ரிக் கன்று வளர்ப்பு: மலைத்தோட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேயிலைக் குச்சியை நட்டுப் பழகிய கைக்கு, எந்தச் செடியும் தன்னிடம் வேர்விட்டுவிடும் என்ற நம்பிக்கை இயல்பாகவே வந்துவிடுகிறது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஜெரேனியக் கிளையை ஒடித்து மண்ணில் செருகினால் போதும், தழைத்துவிடும். ஹைட்ராஞ்சியாவும் அப்படித்தான். கொடைக்கானலில் ரோஜாவைக் கவாத்து செய்த கழிவிலிருந்தே அடுத்த வேலியைக் கட்டிவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்தை அப்படியே புதர்ச்செர்ரிக்குக் கொண்டுபோவதுதான் பெரும்பாலான தோல்விகளுக்கு அடிப்படை. செர்ரியின் விதைக்கும் குச்சிக்கும் வேறு பழக்கங்கள் உண்டு. அவற்றை அறிந்துகொண்டால் வீட்டிலேயே கன்றுகளை உருவாக்க முடியும்.

முதல் தவறு, கையில் இருப்பது எந்தச் செர்ரி என்று பார்க்காமல் தொடங்குவது. புதர்ச்செர்ரி என்று நான் இங்கே சொல்வது நான்கிங் செர்ரியை. தாவரவியலில் புரூனஸ் டொமென்டோசா. சீனா, கொரியா, மங்கோலியப் பகுதிகளைச் சேர்ந்தது. ஆள் உயரத்துக்குச் சற்று முன்பின்னாக, அடியிலிருந்தே பல தண்டுகளாகப் பிரிந்து வளரும். இலையின் விளிம்பு ரம்பப் பல் போல இருக்கும். இலையைத் திருப்பி அடிப்புறத்தை விரலால் தடவினால் மென்மையான ரோமம் தட்டுப்படும். பழத்துக்குள் ஒரே ஒரு கொட்டை.

தமிழ்நாட்டு நர்சரிகளில் செர்ரி என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது இதுவல்ல. பார்படோஸ் செர்ரியைத் தருவார்கள். அதன் இலைகள் எதிரெதிராக, விளிம்பு வழவழப்பாக இருக்கும். பழத்துக்குள் மூன்று விதைகள். அது வெப்பம் விரும்பும் செடி, குச்சியிலிருந்து எளிதில் வரும். பழம் முழுக்கப் பொடிப்பொடியாக விதை இருந்தால் அது தேன்பழம். பழம் குட்டிப் பூசணி போல எட்டு வரிப்பள்ளங்களோடு இருந்து, இலையைக் கசக்கினால் மணம் வந்தால் அது சுரினாம் செர்ரி. பர்லியாறு, கல்லாறு போன்ற தாழ்வான சரிவுகளின் வெப்பம் இதற்கு ஒத்துவரும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான்கிங் செர்ரி விதைக்குக் குளிர் கட்டாயம். சுரினாம் செர்ரி விதைக்கோ குளிரும் உலர்ந்துபோவதும் எமன். பழம் தின்ற கையோடு அதை ஈரமண்ணில் போட்டுவிட வேண்டும். ஒன்றுக்குரிய முறையை மற்றதற்குச் செய்தால் விதை வீண்.

கடையில் வாங்கிய காஷ்மீர், இமாச்சலச் செர்ரியின் கொட்டையை ஊன்றுகிறவர்களும் உண்டு. அது இனிப்புச் செர்ரி. முளைத்து வந்தாலும் புதராகாது, பெரிய மரமாகும். நீண்ட கடுங்குளிர் இல்லாமல் ஒழுங்காகப் பூக்கவும் செய்யாது. பேக்கரிக் கேக்கின் மேல் இருக்கும் சிவப்பு உருண்டையை நம்புவதில் பயனே இல்லை. பெரும்பாலும் அது பாகில் ஊறிய, நிறமேற்றிய களாக்காய்.

விதையை வெளிநாட்டிலிருந்து தருவிக்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி விதை, குச்சி எதுவானாலும் இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் வேண்டும். உறையில் போட்டு ரகசியமாக வரவழைக்கும் விதை, பிளம்ஸ், பீச் மரங்களுக்கான நோயையும் கூடவே சுமந்து வரக்கூடும். அவை எல்லாம் ஒரே குடும்பம். பக்கத்துத் தோட்டக்காரரின் பல வருட உழைப்பை நினைத்தாவது அதைத் தவிர்க்க வேண்டும்.

குளிர் கொடுக்காத விதை

பழம் பழுப்பது கோடைத் தொடக்கத்தில். கொட்டையை எடுத்து வெயிலில் காயவைத்து, ஜூன் மழை பிடித்ததும் ஊன்றிவிடுகிறார்கள். இதில் ஒன்றுக்கு மேற்பட்ட தவறுகள் இருக்கின்றன. சுள்ளென்ற வெயில் உள்பருப்பைச் சுருக்கிவிடும். சரியாகக் கழுவாமல் ஒட்டியிருக்கும் சதை பூஞ்சணத்தை அழைக்கும். எல்லாவற்றையும்விட, குளிர்காலத்தைக் கடக்காத செர்ரி விதை முளைக்காது. மழை முழுக்க மண்ணில் கிடந்து அழுகும், அல்லது எலிக்கு இரையாகும்.

நன்றாகச் சிவந்து கனிந்த பழத்தைப் பிசைந்து, சல்லடையில் தேய்த்து, சதை துளியும் இல்லாமல் கழுவுங்கள். தண்ணீரில் போட்டால் மிதப்பவை பெரும்பாலும் பொக்கு. மூழ்கியவற்றை நிழலில் உலர்த்திக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். கொட்டையைச் சுத்தியால் தட்டி உடைப்பதும் வேண்டாம், பருப்பு நசுங்கிவிடும். அந்தப் பருப்பில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருப்பதால் குழந்தைகள் கடித்துப் பார்க்காமலும் கவனியுங்கள்.

அடுத்தது குளிர். ‘ஊட்டியில் இல்லாத குளிரா’ என்று கேட்பார்கள். ஜனவரி இரவில் புல் வெளுக்க உறைபனி விழுவது உண்மைதான். ஆனால் மறுநாள் பகல் வெயில் 20 டிகிரியைத் தொட்டுவிடும். விதைக்கு வேண்டியது இரவுக்கு இரவு வந்து போகும் குளிரல்ல. 1 முதல் 5 டிகிரியில், மூன்று முதல் நான்கு மாதம் விடாமல் தொடரும் குளிர். நம் மலையில் அது கிடைக்கும் இடம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டு. உறைய வைக்கும் அறையில் வைக்காதீர்கள்.

வறண்ட கொட்டையை டப்பாவில் போட்டு உள்ளே வைப்பதும் வீண்தான். ஈரத்தோடு சேர்ந்த குளிர்தான் கணக்கில் வரும். கொட்டையை ஒரு நாள் ஊறவைத்து, கழுவிய ஆற்றுமணலோடோ தென்னை நார்க்கழிவோடோ கலந்து டப்பாவில் இடுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது, விரலில் ஈரம் மட்டும் தெரிய வேண்டும். அதற்கு மேல் நனைந்தால் அழுகும்.

எப்போது வைப்பது என்பதிலும் பிழை நேர்கிறது. ஜூனிலேயே உள்ளே வைத்தால் செப்டம்பர், அக்டோபரில் முளைவிடும். இளங்கன்று வடகிழக்குப் பருவமழையிலும் அதைத் தொடரும் உறைபனியிலும் மாட்டிக்கொள்ளும். அக்டோபர் கடைசியில் வைத்தால் பிப்ரவரியில் எடுக்கலாம். அதன்பின் ஏறும் வெயில் முழுவதும் கன்றுக்குத் துணை. இரண்டு மாதம் கழிந்ததும் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். கொட்டை ஓரத்து மூட்டில் பிளந்து, அரிசி முனை அளவுக்கு வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். அந்த முனை ஒடிந்தால் கன்று போயிற்று. விரலால் பிடிக்காமல் கரண்டியால் எடுத்து, வேர் கீழ்நோக்க, 2 சென்டிமீட்டர் ஆழத்தில், ஆழமான பையில் வையுங்கள்.

முளைத்த கன்றின் கழுத்து மண்மட்டத்தில் கருத்து மடிந்தால் அது நாற்றழுகல். அன்றாடம் தண்ணீர் ஊற்றுவதும் காற்றோட்டம் இல்லாததும்தான் காரணம். கலவையில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சணத்தைச் சேர்த்து, மேல்மண் காய்ந்த பிறகே நீர் விடுங்கள்.

துளிர்த்த குச்சி தரும் ஏமாற்றம்

என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இதுதான்: ‘குச்சி நன்றாகத் துளிர்த்தது, இலையும் விட்டது, ஒரு மாதத்தில் கருகிவிட்டது, ஏன்?’ அந்தக் குச்சிக்கு வேரே வந்திருக்கவில்லை. கவாத்து செய்த முற்றிய குச்சியின் உள்ளே சேமிப்பு மாவுச்சத்து இருக்கிறது. அதைச் செலவழித்து மொட்டுகள் விரிகின்றன. இலை வந்ததும் நீராவிப்போக்கு கூடுகிறது, கீழே உறிஞ்ச வேர் இல்லை, சேமிப்பும் தீர்ந்துபோகிறது. ரோஜாக் குச்சி இந்த இடைவெளிக்குள் வேர் விட்டுவிடும். செர்ரியின் முற்றிய குச்சி பெரும்பாலும் விடுவதில்லை. ஆகவே துளிர் வந்ததைப் பார்த்து மகிழ்ந்து, மூடியை எடுத்துவிட்டு வெயிலில் வைத்துவிடாதீர்கள். குச்சியை மெல்ல இழுத்தால் மண் பிடித்து நிற்கிறதா என்பதுதான் அடையாளம்.

எடுக்க வேண்டியது அந்த ஆண்டின் புதுக்கிளை. நுனி இளம்பச்சையாக இருக்க, அடிப்பகுதி மட்டும் இறுகத் தொடங்கும் தருணம். நம் மலையில் அது ஏப்ரல், மே வாக்கில் வரும். காலையில், வெயில் ஏறுமுன், 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளத்தில் வெட்டி ஈரத்துணியில் சுற்றுங்கள். கீழ்க்கணுவுக்குச் சற்றுக் கீழே, கூர்மையான கத்தியால் வெட்டு விழ வேண்டும். நசுங்கிய முனை அழுகும். மேலே இரண்டு, மூன்று இலைகளை மட்டும் விட்டு, பெரியவற்றைப் பாதியாக நறுக்குங்கள்.

ஐபிஏ (இண்டோல் பியூட்டிரிக் அமிலம்) என்ற வேர் ஊக்கி 1,000 முதல் 3,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு) வலிமை போதும். கூடப் போட்டால் கூட வேர் வரும் என்று அள்ளிப் பூசினால் அடி கருகிவிடும். தேனும் கற்றாழைச் சாறும் இதற்கு மாற்றாகாது. தண்ணீர்ப் பாட்டிலில் நிறுத்தி வேர் எதிர்பார்ப்பதும் செர்ரிக்குப் பொருந்தாது.

மணலும் நார்க்கழிவும் சமமாகக் கலந்த ஊடகத்தில் நட்டு, ஈரக்காற்று வெளியேறாமல் மூடிவையுங்கள். பாதி வெட்டிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலைக் கவிழ்க்கச் சொல்லும் யோசனை சமவெளிக்குரியது. நீலகிரியில் அந்தப் பாட்டிலுக்கே தடை, அகலவாய்க் கண்ணாடி ஜாடி நன்றாகவே வேலை செய்யும். வெளிச்சம் வேண்டும், நேர்வெயில் கூடாது. ஜூன், ஜூலையில் மேகம் வீட்டுக்குள் நுழையும் நாட்களில் மூடியைத் தினமும் சிறிது நேரம் எடுங்கள். இல்லையென்றால் இலைமேல் சாம்பல்நிறப் பூஞ்சணம் படரும்.

வேர் வர ஒன்றரை, இரண்டு மாதம் ஆகலாம். வந்தவுடனே பிடுங்கிப் பெரிய தொட்டிக்கு மாற்றுவது இன்னொரு பிழை. புது வேர் கண்ணாடி போல ஒடியும். இலையுதிர்த்து, குளிர்காலத்தைக் கடந்து, மறுபடி மொட்டு வீங்கும்வரை அதே தொட்டியில் விட்டுவிடுங்கள்.

இந்தப் பாடெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு மண்பதியம் இருக்கிறது. வீட்டில் இரண்டு மூன்று கன்று போதுமென்றால் நான் இதையே முதலில் சொல்வேன். தாழ்ந்த கிளை ஒன்றை ஜூன் மழையில் வளைத்து, கணுவுக்குக் கீழே பட்டையைக் கீறி, மண்ணில் புதைத்து, மேலே கல்லை வையுங்கள். அடுத்த மழைக்காலம்வரை தாயிலிருந்து பிரிக்காதீர்கள். அவசரப்பட்டு மூன்றாம் மாதமே வெட்டுவதுதான் இதில் நடக்கும் ஒரே தவறு.

பூத்தும் காய்க்காத புதர்

குச்சியிலும் பதியத்திலும் ஜெயித்தவர்கள் பிறகு சந்திக்கும் சிக்கல் இது. ஒரே புதரிலிருந்து எடுத்த பத்துக் கன்றும் அந்தப் புதரின் அச்சுதான். நான்கிங் செர்ரி பெரும்பாலும் தன் மகரந்தத்தால் காய்க்காது. வரிசையாகப் பத்து நட்டாலும் பூ உதிர்ந்துகொண்டே இருக்கும். குச்சிக்கன்றோடு விதைக்கன்று ஒன்றையாவது சேர்த்து நடுங்கள். விதைக்கன்றின் பழம் தாயைப் போலவே இருக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஒன்று புளிக்கும், ஒன்று இனிக்கும்.

குளிர்போதாத இடத்திலும் பூ குறையும். குன்னூருக்குக் கீழே இதை முயல நான் யாருக்கும் சொல்லமாட்டேன். உதகை, கொடைக்கானல் உயரம்தான் ஓரளவு ஏற்றது. கனடாவின் சஸ்காட்செவன் பல்கலைக்கழகம் உருவாக்கிய கார்மைன் ஜுவல் போன்ற குட்டைச் செர்ரிகள் அந்த நாட்டுக் கடுங்குளிருக்காகப் பிறந்தவை. பெயரைக் கேட்டு ஆசைப்பட வேண்டாம்.

மண் விஷயத்திலும் தேயிலைப் பழக்கம் குறுக்கே வருகிறது. தேயிலை நாற்றுக்கு நிரப்பி மீந்த பையில் அப்படியே செர்ரிக் கொட்டையை ஊன்றுகிறார்கள். தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும், அந்த மண்ணின் கார அமில நிலை 5க்குப் பக்கத்தில் இருக்கும். செர்ரிக்கு 6க்கு மேல் வேண்டும். மண்ணைப் பரிசோதித்து, புளிப்பைக் குறைக்கும் டோலமைட் சுண்ணாம்புத் தூள் கலந்து, சில வாரம் ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள்.

நடும் இடம் தண்ணீர் தேங்காத சரிவாக இருக்கட்டும். களிமண்ணில் குழி தோண்டினால் மழையில் அது கிணறாகிவிடும். மேடு கட்டி அதன்மேல் நடுவது நல்லது. தலைகுந்தா, காந்தல் போன்ற பள்ளங்களில் உறைபனி தங்கிப் பூவைக் கருக்கும், பக்கத்துச் சரிவின் நடுப்பகுதி தப்பிக்கும். காட்டெருமை வந்துபோகும் தோட்டமென்றால் முதல் இரண்டு வருடம் கன்றைச் சுற்றி வேலி இல்லாமல் நடாதீர்கள்.