'யெஸ்' அழுத்தும் முன் மென்பொருளின் கையொப்பத்தைப் பாருங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்திலோ திருப்பாதிரிப்புலியூரிலோ ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருப்பவர்களுக்கு இது பழக்கமான வேலை: பிரிண்டர் மாற்றியதும் அதை இயக்கும் மென்பொருளான டிரைவரைக் கூகுளில் தேடி, முதலில் வரும் இணைப்பிலிருந்து இறக்கி நிறுவுவது. அந்த இணைப்பு பிரிண்டர் நிறுவனத்துடையதுதானா என்று யாரும் பார்ப்பதில்லை. கோப்பு யாரிடமிருந்து வந்தது என்று விண்டோஸிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பயிற்சிக்கு விஎல்சி பிளேயரை எடுத்துக்கொள்வோம்.

படி 1: விஎல்சியை வெளியிடும் வீடியோலேன் அமைப்பின் சொந்தத் தளத்திலிருந்து அதை இறக்குங்கள். உடனே திறக்காதீர்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அந்தக் கோப்பை வலது கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' எடுங்கள்.

படி 2: மேலே 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' என்ற பகுதி இருக்கும். அதில் உள்ள பெயரைத் தேர்ந்தெடுத்து 'டீடெய்ல்ஸ்' அழுத்துங்கள். கையொப்பம் ஓகே என்ற வரியும், கையொப்பமிட்டவர் வீடியோலேன் என்ற பெயரும் தெரிய வேண்டும்.

இந்த ஒரு வரிக்குப் பின்னால் நிறைய வேலை நடக்கிறது. மென்பொருளை வெளியிடுபவர் கோப்பு முழுவதையும் கணக்கிட்டு 'ஹாஷ்' என்ற சிறு எண்ணாக்கி, தம்மிடம் மட்டுமே உள்ள ரகசியச் சாவியால் அதற்குக் கையொப்பமிடுகிறார். விண்டோஸ் அதே கணக்கைத் திரும்பப் போட்டு ஒப்பிடுகிறது. வழியில் யாரேனும் ஓர் எழுத்தை மாற்றியிருந்தாலும் கணக்கு உதைக்கும். சாவி இன்னாருடையது என்பதற்கு டிஜிசெர்ட், குளோபல்சைன் போன்ற நிறுவனங்கள் விசாரித்துச் சான்றிதழ் தருகின்றன.

படி 3: இப்போது கோப்பைத் திறங்கள். அனுமதி கேட்கும் பெட்டியில் 'வெரிஃபைட் பப்ளிஷர்' என்று பெயர் வந்தால் அதைப் படியுங்கள். பெயர்தான் முக்கியம். மோசடிக்காரர்களும் ஏதோ ஒரு கம்பெனி பெயரில் சான்றிதழ் வாங்கிவிட முடியும். பிரிண்டர் டிரைவரில் கேள்விப்படாத பெயர் வந்தால் 'நோ' அழுத்துங்கள். பெட்டி மஞ்சள் நிறத்தில் 'அன்நோன்' என்று காட்டினால் நம்பத்தக்க கையொப்பம் இல்லை என்று பொருள். சான்றிதழுக்குப் பணம் கட்ட முடியாத தனிமனிதர்களின் நல்ல இலவச மென்பொருள்களும் அப்படி வரும். அவற்றை எழுதியவரின் தளத்திலிருந்து மட்டும் வாங்கலாம். பெரிய நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு கையொப்பமில்லாமல் வருவதை அழித்துவிடுங்கள்.

கையொப்பம் இருந்தாலும் விண்டோஸ் அப்டேட்டையும், விண்டோஸிலேயே உள்ள வைரஸ் தடுப்பான டிஃபெண்டரையும் அணைக்கக் கூடாது. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீய நிரல் ரியல்டெக், ஜேமைக்ரான் நிறுவனங்களின் திருடப்பட்ட சான்றிதழ்களோடு வந்தது. 2017இல் கணினியைச் சுத்தம் செய்யும் சிகிளீனர் மென்பொருளின் 5.33 பதிப்பில் உண்மையான கையொப்பத்தோடே தீய நிரல் புகுந்திருந்தது. யார் அனுப்பியது, வழியில் மாறியதா என்ற இரண்டுக்கு மட்டுமே கையொப்பம் பதில் சொல்லும்.

நண்பர் பென் டிரைவில் தரும் 'கிராக்' செய்த போட்டோ மென்பொருளையும், திறக்காமல், ஒருமுறை இப்படி 'ப்ராப்பர்ட்டீஸ்' எடுத்துப் பாருங்கள். நிறுவனத்தின் பெயர் அப்படியே இருக்கலாம். 'டீடெய்ல்ஸ்' அழுத்தினால் கையொப்பம் செல்லாது என்று வரும். கோப்புக்குள் யாரோ கை வைத்திருக்கிறார்கள். உரிமத்தை உடைத்ததோடு வேறென்ன சேர்த்தார்கள் என்று தந்த நண்பருக்கும் தெரியாது. வாடிக்கையாளர்களின் ஆதார் நகல்கள் கிடக்கும் கடைக் கணினியில் அதை நிறுவவே வேண்டாம்.