இந்த உரிமம் கட்டற்றதா? வாதாடும்போது செய்யக்கூடாத தவறுகள்

"காசு கேட்கவில்லையே, அப்போ கட்டற்ற மென்பொருள்தானே" என்று ஆரம்பித்தால் வாதம் அங்கேயே தடம் மாறிவிடும். விலை இதில் கணக்கே இல்லை. எந்தத் தேவைக்கும் இயக்கலாம், மூல நிரலைப் படித்து மாற்றலாம், நகலைப் பகிரலாம், மாற்றியதையும் பகிரலாம், இந்த நான்கும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஜிபிஎல் (GPL) என்னும் கட்டற்ற உரிமத்தில் வந்த மென்பொருளைத் தாராளமாக விற்கலாம், அப்போதும் அது கட்டற்றதுதான். நிரல் கண்ணுக்குத் தெரிகிறது என்பதும் போதாது. உரிமமே போடாமல் வெளியிட்ட நிரலில் எல்லா உரிமையும் எழுதியவரிடமே இருக்கிறது.

அதிகம் பேர் சறுக்குவது நல்ல எண்ணத்தைப் பார்த்துத்தான். ஜேசான் (JSON) என்னும் தரவு வடிவத்துக்கான நிரலோடு வந்த உரிமத்தைப் படித்துப் பாருங்கள். அப்படியே எம்ஐடி (MIT) என்னும் கட்டற்ற உரிமத்தின் வாசகம், கூடவே ஒரே ஒரு வரி: இதை நன்மைக்குப் பயன்படுத்த வேண்டும், தீமைக்கு அல்ல. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எது தீமை என்று யார் சொல்வது? நாளைக்கு உரிமையாளர் உங்கள் வேலையையே தீமை என்றால் என்ன செய்வீர்கள்? முதல் உரிமையே அடிபட்டுப் போகிறது, அதனால்தான் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் (FSF) டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத் திட்டமும் இதை ஏற்கவில்லை. வணிகத்துக்குக் கூடாது என்னும் உரிமங்களுக்கும் இதே கதிதான்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு, நிபந்தனை என்று எதைப் பார்த்தாலும் கட்டற்றதில்லை என்று தள்ளிவிடுவது. மாற்றிப் பகிர்ந்தால் அதே உரிமத்தில் பகிர் என்று ஜிபிஎல் கேட்பது அடுத்தவருக்கும் அதே உரிமை போய்ச் சேரத்தான். அப்புறம், இரண்டு உரிமங்களின் நிரலை ஒன்றாகச் சேர்க்க முடியாத பொருந்தாமையை இதோடு குழப்பாதீர்கள்: அப்பாச்சி 2.0 உரிமம் ஜிபிஎல் 2-உடன் சேராது என்கிறது அறக்கட்டளை, ஆனால் இரண்டையுமே கட்டற்றவை என்றுதான் அதுவே சொல்கிறது.

திறமூல உரிமங்களை அங்கீகரிக்கும் திறமூல முன்னெடுப்பு அமைப்பு (OSI) ஏற்றதை அறக்கட்டளையும் ஏற்றிருக்கும் என்று நினைக்காதீர்கள். நாசாவின் 1.3 உரிமம் அங்கே ஏற்கப்பட்டது, இங்கே மறுக்கப்பட்டது.

கடைசியாக, மென்பொருளின் பெயரை மட்டும் சொல்லி வாதாட வேண்டாம், பதிப்பு எண்ணையும் சொல்லுங்கள். ரெடிஸ் என்னும் தரவுத்தள மென்பொருளுக்கு 7.2 வரை பிஎஸ்டி (BSD) என்னும் கட்டற்ற உரிமம், 2024இல் 7.4 வந்தபோது எஸ்எஸ்பிஎல் (SSPL) உள்ளிட்ட இரண்டு உரிமங்கள், இரண்டுமே கட்டற்றவை அல்ல. 2025இல் வந்த 8ஆம் பதிப்பில் ஏஜிபிஎல் (AGPL) என்னும் கட்டற்ற உரிமத்தையும் தேர்ந்தெடுக்கலாம். ரெடிஸ் கட்டற்றதா என்று இருவர் மல்லுக்கு நின்றால், இரண்டு பேர் சொல்வதுமே சரியாக இருக்கலாம்.