வரிப்பணத்துக்குக் கணக்குக் கேட்பது எப்படி: தொகுதி நிதி முதல் சட்ட வரைவு வரை

மத்திய அரசின் வீண்செலவைப் பற்றியும், மாநிலங்களின் அதிகார வரம்புக்குள் நாடாளுமன்றம் கைநீட்டுவதைப் பற்றியும் கோபப்படாதவர்கள் நம்மில் குறைவு. அந்தக் கோபம் பெரும்பாலும் பேச்சோடு தீர்ந்துபோவதற்குக் காரணம், நாம் கேட்கும் கேள்வி அளவுக்கு மீறிப் பெரிதாக இருப்பதுதான். "நாட்டின் பணத்தை வாரி இறைக்கிறார்கள்" என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட அலுவலர் என்று எவரும் கிடையாது. "இன்ன ஊரில் இன்ன ஆண்டில் கட்டப்பட்ட இந்தப் பேருந்து நிழற்குடைக்கான மதிப்பீட்டின் நகலைத் தாருங்கள்" என்ற கேள்விக்கு அப்படி ஒருவர் இருக்கிறார். அவருக்குச் சட்டம் விதித்த கெடுவும் இருக்கிறது. ஆகவே கேள்வியைச் சுருக்கி, உரிய மேசைக்கு உரிய நாளுக்குள் கொண்டுசேர்ப்பதே முதல் வேலை.

அதற்கு முன், பணம் எந்தப் பையிலிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே தெருவில் ஊராட்சி நிதியில் போட்ட சாலையும், சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டிய கட்டடமும், நாடாளுமன்ற உறுப்பினர் நிதியில் நட்ட உயர்கோபுர மின்விளக்கும் அடுத்தடுத்து நிற்கும். ஒன்றின் குறைக்கு மற்றொன்றின் பொறுப்பாளரிடம் மனுக் கொடுத்தால் அந்த மனு மேசை மேசையாக அலையும். நாடாளுமன்ற உறுப்பினர் நிதியில் முடிந்த பணிக்குப் பெயர்ப்பலகை வைக்க வேண்டும் என்பது அத்திட்டத்தின் விதி. பலகையில் உள்ள ஆண்டு, தொகை, திட்டத்தின் பெயர் மூன்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பலகையே இல்லையென்றால் அதுவும் ஒரு கேள்விதான்.

தொடங்குவதற்கு ஏற்ற இடம் இந்த நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதிதான் என்பது என் கருத்து. 1993 டிசம்பரில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் முதலில் ஓர் உறுப்பினருக்கு 5 லட்சம் ரூபாய் ஒதுக்கினார்கள். அது 1 கோடி, 2 கோடி என்று வளர்ந்து 2011-12 முதல் ஆண்டுக்கு 5 கோடியாக நிற்கிறது. இரு அவைகளின் முழு எண்ணிக்கையான 788 உறுப்பினர்களுக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 3,940 கோடி ரூபாய். கொரோனா காலத்தில் நிறுத்திவைக்கப்பட்டுப் பின்னர் மீண்டும் தொடங்கியது. அரசின் செலவைக் கண்காணிப்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரே செலவுக்கான பணியையும் தேர்ந்தெடுக்கும் இந்த ஏற்பாட்டைக் கைவிட வேண்டும் என்று இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. உச்ச நீதிமன்றமோ 2010இல் இது அரசமைப்புச் சட்டத்துக்கு உட்பட்டதே என்று தீர்ப்பளித்தது. ஆணையத்தின் வாதமே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆயினும் திட்டம் இருக்கும் வரை அதன் கணக்கைக் கேட்பதுதான் நம்மால் ஆகக்கூடியது.

இங்கே பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் செய்தி ஒன்று உண்டு. அந்த 5 கோடி உறுப்பினரின் கைக்கு வருவதில்லை. அவர் பணியைப் பரிந்துரைக்க மட்டுமே முடியும். ஒப்புதல் அளிப்பதும், செயல்படுத்துவதும், பணம் கொடுப்பதும் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. தமிழ்நாட்டில் இதன் கோப்புகள் பொதுவாக மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில் இருக்கும். எனவே உங்கள் மனு டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. ஆண்டு ஒதுக்கீட்டில் 15 சதவீதம் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும், 7.5 சதவீதம் பழங்குடியினர் வாழும் பகுதிகளுக்கும் பரிந்துரைக்கப்பட வேண்டும் என்பதும், வழிபாட்டுத் தலங்களுக்குள்ளோ தனியார் வணிக நிறுவனங்களுக்கோ இந்தப் பணத்தைச் செலவிடக் கூடாது என்பதும் நெறிமுறைகளில் உள்ளவை. இவற்றில் எது மீறப்பட்டது என்று சுட்டிக் கேட்பவரின் மனுவைப் பொதுவான புலம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதும் மனுவில் "ஏன்" என்ற சொல்லைத் தவிர்ப்பது நல்லது. "ஏன் இவ்வளவு செலவானது?" என்று கேட்டால், விளக்கமும் கருத்தும் தருவது தம் வேலையல்ல, கோப்பில் இருப்பதை மட்டுமே தர முடியும் என்று பொதுத் தகவல் அலுவலர் பதில் எழுதுவார், சட்டப்படி அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். உறுப்பினரின் பரிந்துரைக் கடிதம், நிர்வாக ஒப்புதல் ஆணை, மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளிகளின் ஒப்பீட்டுப் பட்டியல், ஒப்பந்த ஆவணம், பொறியாளர் அளந்து எழுதிய அளவீட்டுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், ஒப்பந்ததாரருக்குப் பட்டியல் தொகை வழங்கிய விவரம், பணி நிறைவுச் சான்று ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களைக் கேட்டால் அந்தப் பணியின் முழு வரலாறும் உங்கள் கைக்கு வந்துவிடும். இவற்றில் ஒன்றை மட்டுமே கேட்க முடியும் என்றால் நான் அளவீட்டுப் புத்தகத்தைத்தான் கேட்பேன். மதிப்பீட்டில் ஆறு அங்குலம் என்று இருக்கும் கான்கிரீட், அளவீட்டிலும் ஆறு அங்குலம் என்றே எழுதப்பட்டிருக்க, தரையில் நான்கு அங்குலமாக இருந்தால், அதை எவர் அளந்து கையொப்பமிட்டார் என்பதை அந்தப் பக்கம் சொல்லிவிடும்.

மனுவைத் தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாடு அரசு அலுவலகங்களுக்கு அந்தத் தொகைக்கான நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டினால் போதும். மத்திய அரசு அலுவலகங்களுக்கு அஞ்சல் ஆணை எடுக்கலாம், அல்லது இணையவழி விண்ணப்பிக்கலாம். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் அவர்களே 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். பதிலுக்கான கெடு 30 நாள். பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல் அலுவலரிடம் முதல் மேல்முறையீடு. அதுவும் பயன்படாவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. ஆணையங்களில் வழக்குகள் தேங்கிக் கிடப்பதால் இந்தக் கடைசிப் படியில் மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும். அதைத் தவிர்க்க ஒரு வழி, நகல் கேட்பதோடு கோப்பையும் பணியையும் நேரில் பார்வையிட அனுமதியும் அதே மனுவில் கேட்பது. பார்வையிடுவதும், குறிப்பெடுப்பதும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறுவதும் சட்டத்தின் 2ஆவது பிரிவிலேயே சொல்லப்பட்ட உரிமைகள். உள்ளூர் ஒப்பந்ததாரரின் பகை வரும் என்று அஞ்சுகிறவர்கள், வேறு ஊரில் இருக்கும் நண்பர் வழியாக மனுவை அனுப்பலாம். எந்தக் குடிமகனும் எந்த ஊர்ப் பணியைப் பற்றியும் கேட்கலாம்.

உள்ளூர்ப் பணியைத் தாண்டி நாட்டளவிலான செலவைப் பற்றிப் பேச விரும்புகிறவர்கள், இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கைகளைப் படிக்கப் பழக வேண்டும். சி.ஏ.ஜி. அறிக்கை என்று செய்தித்தாள்களில் வருவது இதுதான். அரசமைப்புச் சட்டத்தின் 151ஆவது பிரிவின்படி இவை நாடாளுமன்றத்தில் வைக்கப்படுகின்றன. அதன்பின் எவரும் இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ளலாம். முன்னால் இருக்கும் சுருக்கத்தைப் படித்துவிட்டு, உங்களுக்கு அக்கறையுள்ள பத்தியின் எண்ணைக் குறித்துக்கொண்டு நேராக அங்கே செல்லுங்கள். 2023இல் வெளியான அறிக்கைகளே போதிய பயிற்சியைத் தரும். ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தில் ஏறத்தாழ ஏழரை லட்சம் பயனாளிகளின் பதிவுகள் ஒன்பது என்ற இலக்கத்தையே பத்து முறை எழுதிய ஒற்றைக் கைப்பேசி எண்ணோடு இணைந்திருந்தன என்பது ஓர் அறிக்கையில் உள்ளது. முதியோர், கைம்பெண்கள் ஆகியோருக்கான ஓய்வூதியத் திட்டத்தின் பணத்தில் 2.83 கோடி ரூபாயை வேறு திட்டங்களின் விளம்பரத்துக்குத் திருப்பிவிட்டார்கள் என்பது இன்னோர் அறிக்கையில் உள்ளது. மத்திய அரசின் செலவில் 2.83 கோடி ஒரு துளிகூட இல்லை. ஆனாலும் எவருடைய பணம் எதற்குப் போனது என்பதால் என்னை அதிகம் உறுத்துவது அதுதான்.

தணிக்கை அறிக்கையை மேற்கோள் காட்டும்போது ஒரு கண்டிப்பு தேவை. டெல்லியையும் குருகிராமையும் இணைக்கும் துவாரகா விரைவுச் சாலைக்கு அமைச்சரவைக் குழு கிலோமீட்டருக்கு 18.20 கோடி ரூபாய் என்று ஒப்புதல் அளித்திருக்க, 250.77 கோடி ரூபாய் வீதம் அனுமதிக்கப்பட்டது என்ற செய்தி நாடெங்கும் பரவியது. எண்கள் அறிக்கையில் உள்ளவைதான். ஆனால் 18.20 கோடி என்பது நாடு முழுவதற்குமான சாலைத் திட்டத்தின் சராசரி என்றும், இது எட்டு வழி உயர்மட்டச் சாலை என்றும் அமைச்சகம் பதில் சொன்னது. உயர்மட்டச் சாலையாக அமைக்க வேண்டியதற்கான காரணம் கோப்பில் இல்லை என்பது தணிக்கையாளரின் மறுமொழி. இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்கிறவரின் வாதத்தை எதிர்த்தரப்பு எளிதில் உடைக்க முடியாது. முதல் எண்ணை மட்டும் எடுத்து முழங்குகிறவர் ஒரே மறுப்பில் வாயடைத்துப் போவார். செலவு அதிகம் என்பதாலேயே அது வீண் என்று ஆகிவிடாது. ஏன் அவ்வளவு செலவு என்பதற்குக் காரணம் எழுதி வைக்கப்படவில்லை என்பதே வலுவான குற்றச்சாட்டு.

பட்ஜெட் ஆவணங்களின் அட்டவணைகளில் பார்க்க வேண்டியது மூன்று நெடுவரிசைகள்: மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு. ஒரு திட்டத்துக்கு ஆரவாரமாக அறிவித்த தொகை அடுத்த ஆண்டு ஆவணத்தில் ஓசையின்றிச் சுருங்கியிருப்பதை அங்கே காணலாம். நிதியாண்டின் இறுதி மாதங்களில் அவசரமாகச் செலவழித்துத் தள்ளுவது நிதி ஒழுங்கை மீறுவதாகும் என்று 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளே சொல்வதால், மார்ச் மாதத்தில் மட்டும் ஓர் அலுவலகம் எவ்வளவு செலவிட்டது என்பது எப்போதும் கேட்கத்தக்க கேள்வி. 2018இலும் 2023இலும் மக்களவை மானியக் கோரிக்கைகளை, அதாவது அமைச்சகங்கள் தம் செலவுக்குக் கேட்கும் தொகைகளை, விவாதமே இல்லாமல் நிறைவேற்றியது. 2023இல் அப்படி ஒப்புதல் பெற்ற பட்ஜெட்டின் மொத்தச் செலவு சுமார் 45 லட்சம் கோடி ரூபாய். அவையில் பேசப்படாத விவரங்கள் நாடாளுமன்றத்தின் துறைவாரி நிலைக்குழுக்களின் அறிக்கைகளில் கிடைக்கும்.

அடுத்தது வரம்பு மீறல். ஒரு மசோதாவைப் பற்றிக் குரல் எழுப்புவதற்கு முன், அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைத் திறந்து அந்தப் பொருள் மத்திய அரசுக்கு உரியது, மாநிலத்துக்கு உரியது, இரண்டுக்கும் பொதுவானது என்ற மூன்று பட்டியல்களில் எதில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கல்வியும் காடுகளும் மாநிலப் பட்டியலில்தான் இருக்கின்றன என்று இன்றும் மேடைகளில் பேசுகிறார்கள். 1976இல் நெருக்கடி நிலையின்போது வந்த 42ஆவது திருத்தத்திலேயே அவை பொதுப் பட்டியலுக்குப் போய்விட்டன. 2020ஆம் ஆண்டின் வேளாண் சட்டங்கள் இதற்கு நல்ல பாடம். வேளாண்மையும் சந்தைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. உணவுப் பொருள் வணிகம் பொதுப் பட்டியலின் 33ஆவது இனத்தில் வருகிறது என்பதை வைத்து மத்திய அரசு முதலில் அவசரச் சட்டங்களாகவும் பின்னர் மசோதாக்களாகவும் கொண்டுவந்தது. மாநிலங்களவையில் வாக்குகளை எண்ணிப் பிரிக்காமல் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேற்றினார்கள். எந்தக் குழுவுக்கும் அனுப்பவில்லை. ஓராண்டுக்கும் மேலான போராட்டத்துக்குப் பின் 2021 நவம்பரில் திரும்பப் பெற்றபோதும் விவாதம் நடக்கவில்லை.

இத்தகைய நேரங்களில் குடிமகனுக்குக் கிடைக்கும் இடைவெளிகள் இரண்டு. 2014ஆம் ஆண்டின் கொள்கை முடிவுப்படி, மசோதாவின் வரைவை அமைச்சகம் குறைந்தது 30 நாள் பொதுமக்களின் பார்வைக்கு வைக்க வேண்டும். இது சட்டமல்ல என்பதால் பல வேளைகளில் பின்பற்றப்படுவதில்லை, ஆனால் பின்பற்றப்படும்போது அந்த 30 நாளும் விலைமதிப்பற்றவை. மசோதா நாடாளுமன்றக் குழுவுக்குப் போனால், பொதுமக்களின் கருத்துரைகளைக் கோரிக் குழு விளம்பரம் தரும். அதற்கான கெடு பெரும்பாலும் குறுகியது. கருத்துரையில் விதியின் எண், அதில் உங்களுக்குள்ள ஆட்சேபம், மாற்றாக நீங்கள் முன்வைக்கும் வாசகம் என்ற வரிசையில் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் அனுப்புவதைவிட, இப்படி எழுதப்பட்ட பத்துக் கடிதங்கள் குழுவின் அறிக்கையில் இடம்பிடிக்க வாய்ப்பு அதிகம். மொழியும் ஒரு தடைதான்: சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு 2020இல் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியானபோது, அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள மற்ற மொழிகளிலும் வெளியிடுமாறு டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டுக் கால அவகாசத்தையும் நீட்டித்தது. அந்த உத்தரவைச் சுட்டித் தமிழ் வரைவு கேட்பது உங்கள் கடிதத்தின் முதல் பத்தியாக இருக்கலாம். நாடாளுமன்றத்தின் மனுக்கள் குழுவுக்கு எழுதுவதானால், தமிழ் மனுவோடு ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பை இணைத்துக் கையொப்பமிட வேண்டும்.

செலவும் வரம்பு மீறலும் ஒன்றாகச் சந்திக்கும் இடம் செஸ், அதாவது ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று வசூலிக்கும் வரி. மத்திய அரசு திரட்டும் வரிகளின் பகிரத்தக்க தொகுப்பில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்குத் தர வேண்டும் என்பது 15ஆவது நிதிக்குழுவின் பரிந்துரை. ஆனால் செஸ்ஸும், வரியின் மேல் விதிக்கும் கூடுதல் வரியான சர்சார்ஜும் அந்தத் தொகுப்பில் சேர்வதில்லை. எந்த நோக்கத்துக்காக வசூலித்தார்களோ அதற்காவது செலவிட்டார்களா என்றால், 2018-19இல் 35 வகை செஸ்களில் திரண்ட சுமார் 2.75 லட்சம் கோடி ரூபாயில் 1.64 லட்சம் கோடி மட்டுமே உரிய நிதியங்களுக்கு மாற்றப்பட்டது என்று தணிக்கை அறிக்கை சொல்கிறது. இதைப் போன்ற ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரிடம் செல்லுங்கள். அறிக்கையின் எண், பக்கம், கேட்க வேண்டிய கேள்வி ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கொடுத்து, அதை எழுத்துமூலப் பதிலுக்கான கேள்வியாக அவையில் வைக்கக் கோருங்கள். கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு தேவை என்பதால், கூட்டத்தொடர் தொடங்கும் முன்பே அவர் அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். உறுப்பினர் எதிர்க்கட்சியா ஆளுங்கட்சியா என்று பார்க்க வேண்டியதில்லை.

பதில் வந்தால் நாடாளுமன்ற இணையதளத்தில் பதிவாகிவிடும். "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்" என்று அமைச்சர் நழுவியிருந்தால், அது அவைக்கு அளித்த உறுதிமொழியாகக் கணக்கில் கொள்ளப்படும். மூன்று மாதத்துக்குள் அதை நிறைவேற்ற வேண்டும் என்பது நடைமுறை. தவறினால் கேட்பதற்கென்றே அரசு உறுதிமொழிகள் குழு என்று ஒன்று இரு அவைகளிலும் இருக்கிறது. கேள்வியின் எண்ணையும் பதில் தந்த தேதியையும் குறித்துவைத்திருந்து, மூன்று மாதம் கழிந்த மறுநாள், அதே உறுப்பினருக்கும் அந்தக் குழுவுக்கும் ஒரு நினைவூட்டுக் கடிதம் அனுப்புங்கள்.